முன்புல்லியைக் கழற்றிப் பார்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குச் சேர்ந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்களுக்கும் அவ்வளவு சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி தேவலை. மறுபடியும் வண்டி எடுக்கிறேன்.

பைக்கின் பின்சக்கரத்தை ஓட்டும் பெல்ட்டைப் புதிதாகப் போட்டும் வண்டி நடுங்குகிறது என்று எழுதியிருந்தாயே, படித்ததும் பகீரென்றது. நானும் அப்படித்தான் பெல்ட்டை மட்டும் மாற்றினேன். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. பிறகு முன்புல்லியை, அதாவது கியர்பாக்ஸ் பக்கம் பெல்ட்டைச் சுழற்றும் பல்சக்கரத்தை, டார்ச் அடித்துப் பார்த்தால், பற்களின் மேலிருந்த கெட்டியான பூச்சு ஒரு ஓரமாக உரிந்து அடி உலோகம் தெரிகிறது. நகத்தால் வருடினேன். பூச்சு முடியும் இடத்தில் சின்னப் படி ஒன்று தட்டுப்பட்டது. பூச்சு போய்விட்டால் ரோட்டு மண்ணே அரமாகி மீதியை ராவிவிடும். அந்தப் பல்லில் புது பெல்ட் பொருந்தி உட்காராது, உராய்ந்துகொண்டேதான் இறங்கும். பின்சக்கரத்தில் இருக்கும் பின்புல்லியைவிட முன்புல்லி சிறியது, ஒரே தூரத்துக்கு அதிகத் தடவை சுற்றுகிறது. அதனால் முதலில் அதைப் பார்.

ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் தப்பு, இரண்டு புல்லியும் ஒரே நேரில் இல்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்ம் வண்டியோடு சேரும் பிவட்டிலிருந்து சக்கரத்தின் ஆக்சில் வரை இரண்டு பக்கமும் அளந்து பார். அட்ஜஸ்டரில் இருக்கும் கோடுகளை நம்பாதே.

காலி ரோட்டில் நடுக்கம் வரும் வேகத்தில் கிளட்சைப் பிடி. நடுக்கம் நிற்காவிட்டால் சக்கரம், பேரிங், புல்லி பக்கம் தேடு. நின்றுவிட்டாலும் பெல்ட்டை விட்டுவிடாதே, இஞ்சின் இழுக்கும்போது மட்டும் பெல்ட் நடுங்குவதும் உண்டு.

இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று உன் மெக்கானிக் சொன்னாராமே, தயவுசெய்து இறுக்க விடாதே! அந்தச் சுமை முழுக்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்கில்தான் விழும். சக்கரத்தை மெல்லச் சுற்றி, பெல்ட் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்துத் தொய்வை அள. ஹார்லி டேவிட்சன் பைக்குகளில் பெல்ட்டின் நடுவில் சுமார் 4.5 கிலோ விசை கொடுத்து அளப்பார்கள். உன் வண்டிக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். 1980இல் ஹார்லியின் ஸ்டர்ஜிஸ் மாடல் பெல்ட்டோடு வந்தபோது ரப்பர் எப்படித் தாங்கும் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! தாங்குவது உள்ளே ஓடும் இழைதான். கழற்றும்போது பெல்ட்டை மடக்காதே, இழை ஒடிந்தால் வெளியே தெரியாது. எந்தத் திசையில் ஓடியதோ அதே திசையில் மாட்டு.

கழற்றிய புல்லியைத் தூக்கிப் போட்டுவிடாதே. வரும்போது நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்