குறுக்குத்துறையில் நான்கு ஃப்ரேம் தாமதம்

பாளையங்கோட்டை,
வைகாசிக் கடைசி ஞாயிறு.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இக்காலத்துப் பாட்டுக் காணொளிகளைப் பார்த்தால் கண் வலிக்கிறதே தவிர ஒன்றும் மனத்தில் தங்குவதில்லை, இது நம் வயதின் குற்றமா, எடுப்பவர்களின் குற்றமா என்று கேட்டிருந்தாய். ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். இடையில் என் தங்கை மகன் தன் கூட்டாளிகளோடு தாமிரபரணியின் குறுக்குத்துறையில் ஒரு பாட்டைப் படமாக்கினான். அங்கே ஒலிபெருக்கிக்குக் காவல் இருக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்ததால், உன் கேள்விக்கு இப்போது கொஞ்சம் விவரமாகவே பதில் எழுத முடிகிறது.

ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தது. நடு ஆற்றுக் கல்மண்டபத்துப் படியில் பாடகனை நிறுத்திவிட்டு, கேமராவையும் ஒலிபெருக்கியையும் கரையில் வைத்தார்கள். பாட்டை ஓடவிட்டபோது நான் திடுக்கிட்டுப்போனேன். இரண்டு மடங்கு வேகத்தில், அணில் கத்துவது போன்ற குரலில் அது ஓடியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாடகனோ அந்த வேகத்துக்கே வாயசைத்தான். வெறுமனே உதட்டை அசைத்தால் கழுத்து நரம்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் உரக்கவே பாடினான். கேமரா விநாடிக்கு 24 ஃப்ரேமுக்கு, அதாவது 24 தனிப்படங்களுக்குப் பதில் 48 ஃப்ரேம் பிடித்தது. அதைப் பின்னர் 24 என்ற கணக்கில் ஓட்டினால் எல்லாம் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். இரட்டை வேகத்தில் அசைந்த உதடு மட்டும் பாட்டின் உண்மையான வேகத்துக்கு வந்து பொருந்தும். தலைமுடியும் வேட்டி நுனியும் தெறிக்கும் தண்ணீரும் மிதக்க, வாய் மட்டும் சரியாகப் பாடும் அந்த விந்தையைத் திரைப்பாடல்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அதன் சூத்திரம் இவ்வளவுதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்றிரவு மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது, வாயசைப்பு பாட்டுக்குப் பின்தங்கியே வந்தது. தமிழில் இதை மறைக்கவே முடியாது. ப, ம ஆகிய எழுத்துகளுக்கு உதடு மூடியாக வேண்டும், மூடாத உதட்டிலிருந்து 'மழை' என்ற சொல் வந்தால் பார்க்கிறவன் உடனே கண்டுகொள்வான். ஒருவன் கேமராவைக் குறைகூறினான், இன்னொருவன் மென்பொருளைத் திட்டினான். எனக்கு நினைவுக்கு வந்தது நம் சிறுவயதுக் காட்சி ஒன்று. அக்கரையில் துணி துவைப்பவர் கல்லில் ஓங்கி அடிப்பது முதலில் தெரியும். துணியை அவர் மறுபடி தூக்கும்போதுதான் சத்தம் நம் காதுக்கு வந்து சேரும். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்லும். பாடகன் ஒலிபெருக்கியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றான். பாட்டு அவன் காதுக்குப் போய்ச்சேர ஒரு விநாடியில் பதினொன்றில் ஒரு பங்கு பிடித்திருக்கிறது. 48 ஃப்ரேம் ஓடும் கேமராவில் அது நான்கு ஃப்ரேம். படத்தை நான்கு ஃப்ரேம் முன்னே நகர்த்தினார்கள்; உதடு வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளியில் இயற்பியலில் நான் வாங்கிய மதிப்பெண் உனக்குத் தெரியும் என்பதால், இந்த வெற்றியை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாயசைப்புக்காக மனிதர்கள் படும் பாட்டுக்கு அளவே இல்லை போலும். கோல்ட்பிளே என்ற ஆங்கில இசைக்குழுவின் 'தி சயின்டிஸ்ட்' காணொளி முழுவதும் பின்னோக்கி ஓடுவது. அதில் உதடு பாட்டோடு பொருந்த வேண்டும் என்பதற்காக, குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் அந்தப் பாட்டைத் தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டாராம்.

இனி உன் கண்வலிக்கு வருகிறேன். மருமகன் செய்த முதல் தொகுப்பைப் பார்த்தபோது எனக்கும் அதே வலிதான் வந்தது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தாளத் தட்டு. இரண்டு தட்டுக்கு ஒரு ஷாட், அதாவது வெட்டில்லாமல் ஓடும் ஒரு துண்டு, என்று வெட்டியிருந்தான். நான்கு நிமிடப் பாட்டில் 192 ஷாட்டுகள், ஒவ்வொன்றும் ஒன்றேகால் விநாடி. பாடகன் இரு கையாலும் தண்ணீரை அள்ளி மேலே வீசுவான். ஒரு மீட்டர் உயரம் போய்த் திரும்பி விழத் தண்ணீருக்குச் சுமார் 0.9 விநாடி ஆகும். பாதி வேகத்தில் காட்டும்போது அது 1.8 விநாடி. ஆகவே தண்ணீர் திரும்பிக் கையில் விழுவதற்கு முன்பே, ஒவ்வொரு முறையும் ஷாட் முடிந்துவிட்டது. நிதானத்தைக் காட்டவென்று அரும்பாடுபட்டுப் பாதி வேகத்தில் எடுத்துவிட்டு, அந்த நிதானத்தைக் கத்தரியால் நறுக்கிப்போடுவது என்ன நியாயம்? தாளத்தை விட்டுவிட்டால் பார்ப்பவன் போய்விடுவான் என்ற பயம்தான் இத்தனை வெட்டுக்கும் காரணம் என்று நினைக்கிறேன்.

நம் கொடைவிழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டோமே, அங்கே குடமும் கட்டையும் தாளத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும். கதை திரும்பும் இடத்தில் புலவர் வில்லின் மேல் வீசுகோலை ஓங்கி அடித்தால் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். காணொளியில் தாளத்தைத் தாங்கும் வேலையைப் பாட்டே செய்துகொண்டிருக்கிறது. வெட்டு அந்த வீசுகோலாக இருந்தால் போதும் என்று மருமகனிடம் சொன்னேன்.

அவன் பதிலுக்கு எனக்கு ஒன்றைப் போட்டுக்காட்டினான். கெமிக்கல் பிரதர்ஸ் என்ற இருவர் இசைக்குழுவின் 'ஸ்டார் கிட்டார்' என்ற பாட்டுக்கு மிஷேல் கோந்த்ரி என்ற இயக்குநர் 2002-இல் எடுத்த காணொளி அது. ரயில் சன்னலுக்கு வெளியே ஓடும் நிலக்காட்சி மட்டும்தான். பாடுகிறவரும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெட்டும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கம்பம் கடக்கிறது, புதிய ஒலி ஒன்று சேர்ந்தால் புதிய கட்டடம் ஒன்று வந்து சேர்கிறது. பிரான்சில் ஒரே பாதையை நாளின் வெவ்வேறு வேளைகளில் பலமுறை படம்பிடித்து, துண்டுகளைக் கணினியில் கோத்து நெய்திருக்கிறார்கள். மறுநாள் ஒரு காரியமாக அம்பாசமுத்திரம் போகும் வழியில் செங்கோட்டை ரயிலின் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பனைகளுக்குத் தாளம் போட்டுப் பார்த்தேன். சேரன்மகாதேவி வரை ஒரு தட்டும் கூடிவரவில்லை. கோந்த்ரியின் உழைப்பு எவ்வளவு என்று அப்போதுதான் புரிந்தது.

மருமகன் 192-ஐ 71 ஆகக் குறைத்துவிட்டான். வெட்டு வைக்கும் இடத்திலும், தட்டின் மேலேயே வைக்காமல் ஓரிரு ஃப்ரேம் முன்னதாக வைக்கிறான். தட்டு விழும்போது கண் புதிய படத்தில் குடியேறிவிட்டிருக்கிறது. ஆனால் கடைசிச் சரணத்தை மட்டும் நான் எவ்வளவு சொல்லியும் விடாமல் நறுக்கியே வைத்திருக்கிறான். காரணம் கேட்டால், ஆற்றையும் மண்டபத்தையும் நான் ரசித்த அந்தத் தூரக் காட்சியில், கைப்பேசித் திரையில் பாடகன் எறும்பளவுதான் தெரிகிறான் என்கிறான். என் கைப்பேசியிலேயே பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான்.

இத்துடன் அதன் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முதல் தடவை ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் பார். எந்த இடத்தில் உனக்குப் பார்வை விலகுகிறது என்று நிமிடமும் விநாடியும் குறித்து எழுது. கடைசிச் சரணம் என்று நீ எழுதினால் அவனிடம் காட்டுவேன். வேறு இடம் என்றால் எனக்குள் வைத்துக்கொள்வேன்.

என்றும் உன் நண்பன்.