நடை மட்டும் போதாது

அன்புள்ள முரளி,

காய்ச்சலிலிருந்து எழுந்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தினமும் நடந்துவந்தவனுக்கு இப்போது படியேறத் தொடை நடுங்குவதேன் என்று கேட்டிருக்கிறாய். நம் வயதில் ஆரோக்கியமாக இருப்பவரே 10 நாள் படுத்துக் கிடந்தால், கால்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்துவிடும். தவிர, வயதாக ஆக முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். இருக்கையை விட்டு எழவும், தடுக்கினால் சட்டென்று காலூன்றவும் அவைதான் வேண்டும். நடை இதயத்துக்கு நல்லது, விடாதே. ஆனால் அந்த இழைகளுக்கு அதில் வேலை அதிகம் இல்லை. பாரம் வேண்டும்.

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து நேரம் பார். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் இயங்கும் திறன் குறைந்திருக்கிறது என்பது வயதில் வரும் தசை இழப்பு பற்றி ஆசியர்களுக்கு வந்த 2019 வழிகாட்டுதலின் கணக்கு.

பயிற்சிக்கும் அதே நாற்காலிதான். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வை. மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழு. எழும்போது மூச்சை விடு. அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். மூன்று எண்ணியபடி மெல்ல உட்கார். பலரும் தொப்பென்று விழுவார்கள், பாதிப் பலன் அங்கேயே போய்விடும். முழங்கால்கள் உள்பக்கம் மடங்கக் கூடாது.

எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. வாரம் இரண்டு மூன்று நாள், நடுவே ஒரு நாள் இடைவெளி. சுற்று முடியும்போது இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும் என்ற அளவுக்குக் களைப்பு வர வேண்டும். பன்னிரண்டு சுலபமாகிவிட்டால் முதுகுப்பையில் இரண்டு கிலோ ஏற்று. மாதக்கணக்கில் ஒரே பாரத்தில் நிற்பதால்தான் பலருக்கு வளர்ச்சி நின்றுபோகிறது. கைகளுக்குச் சுவரில் தள்ளும் தண்டால், ரப்பர் பட்டையை இழுப்பது. கெண்டைக்காலுக்குக் குதிகால் உயர்த்தல்.

சாப்பாட்டில் கவனம் வை. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை; நோயிலிருந்து தேறும் இந்த நாட்களில் 1.5 வரை போகலாம். உன் 65 கிலோவுக்குக் குறைந்தது 65 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான், கணக்குப் போட்டுப் பார். வயதான தசை சிறு அளவுக்கு அசையாது. வேளைக்கு 25 கிராமாவது சேர வேண்டும். காலை உணவில்தான் பெரும்பாலும் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதே.

இந்த வயதில் தசை ஏறுமா என்று சந்தேகப்படாதே. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், 90 வயதை ஒட்டிய தளர்ந்த முதியவர்களின் தொடை வலிமை எட்டே வாரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது.

நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார். ஐந்து முறைக்கு எத்தனை விநாடி ஆனது என்று அடுத்த கடிதத்தில் எழுது, பாரத்தை அதற்கேற்பச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்