ஜனவரிக்கு என்ன அவசரம், தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பன்னிரண்டு கதைகளையும் படித்துவிட்டேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குள் தொகுப்பு வந்துவிட வேண்டும், டிசம்பர் 10க்குள் பதிப்பாளர் ஃபைல் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். கதைகளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்த டிசம்பர் 10.

என் முதல் தொகுப்பும் இப்படி அடித்துப்பிடித்து வந்ததுதான். ஒரு கதையில் நாயகியின் பெயர் ராணி. கடைசி நேரத்தில் வேணி என்று மாற்றத் தோன்றியது. ‘ராணி’ வருகிற இடத்திலெல்லாம் ‘வேணி’ போடும்படி கணினியில் ஒரே தட்டு தட்டிவிட்டு, ஃபைலை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். மெய்ப்புப் பார்க்க எனக்குக் கிடைத்தது இரண்டு ராத்திரி. பதிப்பகத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை. பார்க்க ஆளே இல்லை. புத்தகம் வந்து ஒரு மாதம் கழித்து ஒரு வாசகர் போன் செய்தார். “சார், நான் ராணிப்பேட்டைக்காரன். உங்க கதையில வேலூர்லேர்ந்து வேணிப்பேட்டைக்கு பஸ் போகுதே, அது எங்க இருக்கு?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. (இன்னொரு பக்கத்தில் மகாவேணி தியேட்டர் என்றும் இருக்கிறது. நல்லவேளை, அவர் அதைக் கவனிக்கவில்லை.) அச்சடித்த 300 பிரதிகளில் பாதிக்கு மேல் இன்னும் என் வீட்டுப் பரணில்தான்.

கண்காட்சியை நான் குறை சொல்லவில்லை. 1977இலிருந்து நடக்கிறது. வருஷம் முழுக்கப் புத்தகக் கடைப் பக்கமே போகாதவர்கூடப் பொங்கல் சமயத்தில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் பையோடு வருகிறார். பதிப்பாளருக்கும் அப்போதுதான் கையில் நாலு காசு புழங்கும். ஆனால் எல்லாப் புதுப் புத்தகமும் அதே பதினைந்து நாளில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு ஸ்டாலில் ஓரமாக நின்று பார். ஒருவர் புத்தகத்தை எடுப்பார், பின்னட்டையைத் திருப்புவார், விலையைப் பார்ப்பார், நடுவில் எங்கேயோ பிரித்து நாலு வரி படிப்பார், வைத்துவிட்டு நகர்வார். உனக்குக் கிடைப்பது அந்த நாலு வரிதான். அது எந்தப் பக்கம் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதனால்தான் எடிட்டர் வேண்டும் என்கிறேன். நம்மிடம் எடிட்டர் என்றாலே ஒற்றுப்பிழை பார்க்கிறவர் என்று நினைப்பு. க்ரியா ராமகிருஷ்ணன் அப்படியல்ல. 1974இல் க்ரியா பதிப்பகம் தொடங்கி 2020 நவம்பரில் கொரோனாவில் மறையும்வரை, ஒரு கைப்பிரதியை வரிவரியாகப் பார்க்கிற வேலையை அவர் விடவில்லை. இமையத்தின் முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் அங்கிருந்துதான் வந்தது. இப்போது 50 பிரதிகூட அச்சடித்துக்கொள்ளலாம், கைக்காசு போட்டால் மறுப்பவரும் இல்லை. நல்லதுதான். ஆனால் இந்த வசதியில் சல்லடை காணாமல் போய்விட்டது. உன் பதிப்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: “என் கதைகளை யார் படித்தார்கள்?” பதில் வர நேரமானால் புரிந்துகொள்.

பிந்தினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய். சி.சு. செல்லப்பா ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகமாகத் தானே பதிப்பித்தபோது 1997, அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. அடுத்த வருஷம் இறந்தார். சாகித்திய அகாதமி விருது 2001இல் வந்தது. உனக்கு இருபத்தாறு.

சரி, கதைகள். மூன்றாவது கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. மில் வாசலில் டிபன் கேரியரோடு பையன் நிற்கிறான். சங்கு ஊதுகிறது. எல்லோரும் வெளியே வருகிறார்கள், அப்பா மட்டும் வரவில்லை. பையன் கேரியரைத் தொட்டுப் பார்க்கிறான், சூடு ஆறிவிட்டது. கதை அங்கேயே முடிந்துவிட்டது, தம்பி! அதற்கப்புறம் ஒன்றரைப் பக்கம் தாராளமயத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதை யார் கேட்டது? ஐந்தும் ஒன்பதும் ஒரே கதைதான், ஊர்ப்பெயர்தான் வேறு. பதினொன்றை எடுத்துவிடு.

அணிந்துரை கேட்டிருந்தாய். எழுத மாட்டேன். நாலு வரி படித்துப் பார்க்க நிற்கிற ஆளை எட்டுப் பக்கம் என் பாராட்டுரையில் உட்காரவைப்பது பாவம்.

மூன்றாவது கதையை அச்செடுத்துச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. பத்து மணிக்கு மேல் வா, அதற்கு முன்னால் தண்ணீர் லாரி வரும், பேச முடியாது. பரணில் இருந்து ஒரு பிரதியும் எடுத்து வைக்கிறேன். வேணிப்பேட்டை 61ஆம் பக்கம்.

அன்புடன்,
அண்ணன்