நியூ ஹார்மனியைக் கட்டியவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனின் ஆலை அதிபரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன் பற்றிய ஞாயிறு கட்டுரை, அமெரிக்காவின் நியூ ஹார்மனி ஊரை அவரே உருவாக்கியதுபோல எழுதப்பட்டிருக்கிறது. 1825-இல் அவர் அதை விலைக்குத்தான் வாங்கினார். கட்டியவர்கள், ஜெர்மனியிலிருந்து போன ஜார்ஜ் ராப் என்ற நெசவாளரும் அவரை நம்பிக் கப்பலேறிய குடியானவர்களும்.

கிறிஸ்து தங்கள் காலத்திலேயே திரும்பி வருவார் என்று நம்பியவர்கள் அவர்கள். 1805-இல் பென்சில்வேனியாவில் சொத்தையெல்லாம் பொதுவில் வைத்தார்கள். 1807-இல் பிரம்மச்சரியம் ஏற்றார்கள், கல்யாணமானவர்கள் உட்பட. 1814-இல் இந்தியானாவுக்குப் பெயர்ந்து, வாபாஷ் ஆற்றங்கரைக் காட்டைத் திருத்தி, பத்தே ஆண்டில் வீடு, ஆலை, தேவாலயம் என நியூ ஹார்மனி முழுவதையும் எழுப்பினார்கள். மலேரியா பலரைக் கொண்டுபோனது.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர்கள் மயானத்தைப் பார்த்தேன். செங்கல் சுவருக்குள் வெறும் புல்தரை. சுமார் 230 பேர் அங்கே புதைந்திருக்கிறார்கள். ஒரு கல் இல்லை, ஒரு பெயர் இல்லை. சாவிலும் எல்லாரும் சமம் என்று வாழ்ந்தவர்கள். அந்தச் சுவரே அவர்களுடைய தேவாலயத்தை இடித்தெடுத்த செங்கல்தான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

அந்த ஊரில் எல்லாரும் கூடி வாழும் சமுதாயம் அமைக்க ஓவன் செய்த முயற்சி இரண்டே ஆண்டில் முடிந்தது. ராப் கூட்டம் பென்சில்வேனியா திரும்பி, எக்கானமி என்ற ஊர் அமைத்து, 1905 வரை நீடித்தது. அவர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்