கோமுவுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து

அன்புள்ள கோமு,

ஏட்டி, தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்து நேரில் திட்டு. அம்மாவின் முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. சரசக்கா பேத்திக்குக் காதுகுத்து முடிந்தது. மொய் நோட்டு இந்தத் தடவையும் அவள் கையில்தான், மீதியை நீயே ஊகித்துக்கொள்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டி.என்.ஏ. பாடம் எடுக்கும்போது வழக்கமாக ஒரு கொலை வழக்கைச் சொல்லி முடித்துவிடுவேன். இந்த வருஷம், ராணுவ ஆட்சியில் திருடப்பட்ட பேரப்பிள்ளைகளை டி.என்.ஏ. வைத்துத் தேடிய அர்ஜென்டினாவின் பாட்டிகளைச் சொல்லலாம் என்று படிக்க உட்கார்ந்தேன். அதிலிருந்து இன்னும் வெளியே வர முடியவில்லை. இத்தனை வருஷம் பிரசவ வார்டில் நிற்கிறவள் நீ, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

1976 மார்ச் 24-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தலைமை ஜெனரல் விடேலா. குடும்பம், தாய்மை, கிறிஸ்தவப் பண்பாடு இவற்றைக் காக்க வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். எதிரிகள் என்று சந்தேகப்பட்டவர்களை ரகசிய முகாம்களுக்குக் கடத்தினார்கள். அட்ரியானா கால்வோ லா பிளாட்டா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர், ஏற்கெனவே இரண்டு குழந்தைகளுக்குத் தாய். 1977 பிப்ரவரியில் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது வயிற்றில் மூன்றாவது. ஏப்ரலில் வலி எடுத்தது. ஒரு ரகசிய முகாமிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிற வழியில், காரின் பின்சீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. கண்ணைக் கட்டியிருந்தார்கள், கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். கொடி அறுபடாமல் குழந்தை அழுதுகொண்டு கிடக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறார், கொடுக்கவில்லை. முகாமில் கொடியை அறுத்தவர் ஒரு போலீஸ் டாக்டர். அதற்குப் பிறகும் குழந்தையைக் கையில் தரவில்லை கோமு. உடுப்பில்லாமல் நின்று, தன் ரத்தம் படிந்த தரையைத் தானே கழுவித் துடைத்த பிறகுதான் தந்தார்கள். படித்து, உறுதிமொழி எடுத்த ஒரு டாக்டர் பக்கத்தில் நின்று இதைச் செய்ய வைத்திருக்கிறார். இந்த இடத்தை நீ எப்படிப் படிப்பாய் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

அவர் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. பலருக்கு அது வாய்க்கவில்லை. புவனஸ் அயர்ஸில் கடற்படை மெக்கானிக் பள்ளி என்று ஒன்று. ஏறக்குறைய 5,000 பேரை அங்கே அடைத்துவைத்தார்கள், தப்பியவர்கள் மிகச் சிலர். அதற்குள்ளேயே கர்ப்பிணிகளுக்கென்று ஓர் அறை. குழந்தை பிறந்ததும் தாயின் கையில் காகிதம் கொடுத்து, 'பிள்ளையை உங்கள் வீட்டில் சேர்த்துவிடுகிறோம், அம்மா அப்பாவுக்குக் கடிதம் எழுது' என்பார்களாம். பால் எப்போது கொடுக்க வேண்டும், என்ன பேர் வைக்க வேண்டும் என்றெல்லாம் அந்தப் பெண்கள் நம்பி எழுதியிருப்பார்கள். குழந்தை போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ராணுவ, போலீஸ் குடும்பங்களுக்கு. கைதிகளுக்கு மயக்க ஊசி போட்டு, விமானத்தில் ஏற்றி, உயிரோடு கடலில் தள்ளினார்கள். 'கெட்ட தாய்' பெற்ற பிள்ளையை 'நல்ல குடும்பம்' வளர்க்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. தாய்மை புனிதம் என்று மேடையில் முழங்கியதும் இதே ஆட்கள்தான்.

1977 ஏப்ரல் 30-ல், காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு, பதினான்கு பெண்கள் அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்றது போலீஸ். சரி என்று நடந்தார்கள், வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள். 'பைத்தியக்காரிகள்' என்று பேர் வைத்தார்கள். முதலில் அழைத்தவர் அசுசேனா வியாஃப்ளோர். அந்த டிசம்பரிலேயே அவரையும் கடத்திக் கொன்றுவிட்டார்கள். 2005-ல்தான் எலும்பை வைத்து அடையாளம் கண்டு, சாம்பலை அதே சதுக்கத்தில் புதைத்தார்கள்.

பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிகள் தனியாகச் சங்கம் வைத்தார்கள். பெற்றவர்கள் இல்லாதபோது பாட்டியின் ரத்தத்தை வைத்து உறவை நிரூபிக்க முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டார்கள். அமெரிக்காவில் மேரி கிளேர் கிங் என்ற மரபியல் விஞ்ஞானி வழி காட்டினார். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய் வழியாக மட்டுமே வரும், ஆகவே அம்மா வழிப் பாட்டி ஒருத்தி இருந்தாலே போதும். 1987-ல், குடும்பங்களின் மரபணு விவரத்தைச் சேர்த்து வைக்கும் வங்கிக்கே சட்டம் வந்தது. திருடப்பட்டவர்கள் 500 பேர் இருக்கும் என்பது பாட்டிகளின் கணிப்பு. 2025 ஜூலையில் 140-வது பேரனைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது வகுப்பே கைதட்டியது. கடைசி பெஞ்ச் கோஷ்டி உட்படத்தான், நம்பு!

எனக்கு இரவில் தூக்கம் போனது வேறொன்றால். ஜனநாயகம் திரும்பிய பிறகு, அதே 1987-ல், மேலிடத்து உத்தரவுப்படி நடந்த கீழ்நிலை அதிகாரிகள் மேல் வழக்கு இல்லை என்று ஒரு சட்டம் போட்டார்கள். அதில் முக்கியமான விதிவிலக்குகள் இரண்டு. பிள்ளைத் திருட்டு ஒன்று, பாலியல் வன்கொடுமை இன்னொன்று. முதல் கதவு வழியாகப் பாட்டிகள் நுழைந்தார்கள். விடேலாவையே 1998-ல் கைது செய்ய வைத்தார்கள், 2012-ல் ஐம்பது வருஷத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாவது கதவும் திறந்துதான் கிடந்தது. வன்கொடுமையை மனித குலத்துக்கு எதிரான குற்றமாக வைத்து முதல் தீர்ப்பு வந்தது 2010-ல்!

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். பேரனைக் கேட்டு வரும் பாட்டியை ஊர் கும்பிடும். தனக்கு நடந்ததைச் சொல்ல வரும் பெண்ணை? அதிலும் உயிரோடு திரும்பியவளை? அந்தக் கடற்படைப் பள்ளியில் கைதிப் பெண்களுக்கு நல்ல உடுப்புப் போட்டு, உதட்டுச் சாயம் பூசச் சொல்லி, ராத்திரி ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிப்போவார்களாம் அதிகாரிகள். 'ஒழுங்கான பெண்ணாக' திருந்திவிட்டாளா என்று பார்க்கிறார்களாம். மறுப்பது எப்படி? வெளியே வந்த பிறகு, 'நீ மட்டும் எப்படித் தப்பினாய், யாரைக் காட்டிக்கொடுத்தாய், யாரோடு படுத்தாய்' என்று கூட இருந்த தோழர்களே கேட்டிருக்கிறார்கள். நீதிமன்றம் வன்கொடுமையைச் சித்திரவதையோடு சேர்த்து ஒரு வரியில் கடந்துபோனது. தனி வழக்கு வேண்டுமென்றால் அவளே நேரில் வந்து புகார் தர வேண்டும் என்றது. ஆகஸ்ட் 2021-ல்தான் அந்தப் பள்ளியின் இரண்டு அதிகாரிகளுக்கு இதற்கென்றே தண்டனை கிடைத்தது, மூன்று பெண்கள் முன்வந்ததால். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது! இளம்பெண்களாக உள்ளே போனவர்கள் அந்தத் தீர்ப்பைக் கேட்டபோது பாட்டி வயது.

ராணுவம் செய்ததைவிட, அதற்குப் பிறகு அவர்களை இத்தனை வருஷம் வாயடைத்து வைத்த மற்றவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. நியாயமா, தெரியவில்லை. நீ சொல்லு.

வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை தனியாக வந்து, 'மிஸ், அந்தக் கார்ல பிறந்த பாப்பா இப்ப எங்க இருக்கு?' என்று கேட்டாள். தெரேசா வளர்ந்து ஆளாகிவிட்டார், அவரும் சாட்சி சொல்லியிருக்கிறார் என்றேன். தாய் 1985-ல் ராணுவத் தலைவர்கள் மேல் நடந்த வழக்கில், முகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்களில் முதல் ஆளாகச் சாட்சிக்கூண்டில் ஏறியதையும் சொன்னேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வார்டுக்குப் போலீஸ் காவலோடு பிரசவத்துக்கு வருகிற பெண்கள் உண்டா? வந்தால் விலங்கை அவிழ்க்கச் சொல்கிற அதிகாரம் யாருக்கு, டாக்டருக்கா, எஸ்கார்ட் போலீஸுக்கா? உள்ளே யாரை நிற்க விடுவீர்கள்? பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், எனக்கும் தெரிய வேண்டும். விவரமாக எழுது, நான் எடுத்துக்கொண்ட நேரத்தை நீயும் எடுத்துக்கொள்ளாதே.

மேட்ரன் அக்காவுக்கு என் வணக்கம் சொல்லு. அல்வாவை மாமா கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், வழியிலேயே பாதி தீர்ந்திருந்தால் என்னைக் கேட்காதே.

உன்,
வசந்தா