மணி இங்கேயே இருக்கட்டும்

குன்னூர்

அன்பு மகனுக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் நலமறிய ஆவல். நம் நாய் மணியைப் புனேவுக்கு அழைத்துக்கொள்வதாக நீ சொன்னபோது, தொலைபேசியில் உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவனைக் கோத்தகிரிப் பக்கம் அழைத்துச் சென்று நாள் முழுவதும் சுற்றிவிட்டு வந்தோம். அந்த நாளை எழுதினால் என் பதிலும் அதிலேயே விளங்கிவிடும் என்பதால் இக்கடிதம்.

பக்கத்து வீட்டாரின் ஜீப்பில்தான் கிளம்பினோம். சிம்ஸ் பூங்கா வருவதற்குள் மணி பின்னிருக்கையில் எழுந்து நின்று, கண்ணாடியில் மூக்கை அழுத்தி அதை முழுக்க ஈரமாக்கிவிட்டான். பாஸ்டர் நிலையத்தைக் கடக்கும்போது அம்மா வழக்கம்போல அவன் தலையைத் தடவி, "எல்லாம் உங்கள் கூட்டத்தால்தானே" என்றாள். வேடிக்கைப் பேச்சுதான், ஆனாலும் பொய்யில்லை. வெறிநாய்க்கடிக்குத் தென்னிந்தியாவில் மருத்துவம் கிடைக்காத அந்தக் காலத்தில், 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் பெண் அந்நோயால் இறந்துபோனதும், பின்னர் அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907-இல் இந்நிலையம் திறக்கப்பட்டதும் நீ பள்ளியில் கேட்டவைதாம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில் ஊசி ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே மணியின் தடுப்பூசித் தேதியை மட்டும் ஒரு நாளும் தவற விடுவதில்லை.

கன்னேரிமுக்கில், கோவை ஆட்சியராக இருந்த ஆங்கிலேயர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பெத்தக்கல் பங்களாவுக்கு முதலில் போனோம். நாயை உள்ளே விடமாட்டார்கள் என்பது கேட்காமலே தெரிந்ததால், அம்மா அவனைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க, நான் மட்டும் பழைய படங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். உதகையில் ஏரி வெட்டியவர், தோடர்களின் நில உரிமைக்காக வாதாடியவர் என்று சல்லிவனைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய உண்டு. அம்மாவுக்கோ கேட்கப் பொறுமையில்லை. மணிக்கு அந்தக் கட்டடத்தில் பிடித்ததெல்லாம் அடித்தளக் கல்லின் ஒரு மூலைதான். ஏதோ ஒரு நாய் அங்கே தன் முகவரியை விட்டுப் போயிருக்க வேண்டும். அதை முகர்ந்து முடிக்காமல் நகர மறுத்துவிட்டான். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், கள்ளர் இருவரைக் கடித்துத் தலைவனின் பக்கம் நின்ற கோவிவன் என்னும் நாய்க்கு மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் பெயரும் உருவமும் உண்டு என்று அம்மாவிடம் சொன்னேன். "இவன் கள்ளனைக் கண்டால் வாலை ஆட்டுவான்" என்றாள்.

அரவேணு வழியாகக் கேத்தரின் அருவிக்கு மேலுள்ள ஓடைக்கு இறங்கிய பிறகுதான் அவனுக்கு உண்மையில் நாள் தொடங்கியது. டால்பின் மூக்குக் காட்சிமுனையிலிருந்து எதிர்மலையில் வெள்ளைக் கோடாகத் தெரியுமே, அதே அருவிதான். சுமார் 250 அடி ஆழத்துக்கு விழுவதால், விளிம்பிலிருந்து வெகு தொலைவிலேயே நின்றுகொண்டோம், கயிற்றையும் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். மணி முதலில் முன்னங்கால் ஒன்றை மட்டும் நீரில் வைத்து, குளிர் தாங்காமல் எடுத்து உதறினான். பிறகு பாறைக்குப் பாறை மூக்கை ஓட்டி, ஓடையில் மிதந்து வந்த சில்வர் ஓக் இலையைக் கவ்வப் போனவன், கால் வழுக்கி மார்பளவு நீரில் உட்கார்ந்துவிட்டான்; அதன்பின் அவனைக் கரையேற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. வெளியே வந்து உடம்பை உதறியதில் அம்மாவின் புடவையும் புளிசாதப் பொட்டலமும் நனைந்தன. விரலிடுக்கில் அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. உப்பு வைத்ததும் சுருண்டு விழுந்தது. அவனோ அதைப் பொருட்படுத்தாமல், பொட்டலத்தில்தான் கண்ணாக இருந்தான்.

திரும்பி ஏறும்போது தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமைகள் சில மேய்ந்துகொண்டிருந்தன. மணி குரைக்கவில்லை, பிடரி மயிர் சிலிர்க்க, என் முழங்காலில் ஒட்டிக்கொண்டு நின்றான். அவை கீழே இறங்கும் வரை நாங்களும் அசையவில்லை. கயிறு இல்லாமல் விட்டால் நாய் துரத்தும், காட்டெருமை திரும்பி நம்மிடம் வரும் என்பதோடு, வீட்டு நாய்களின் நோய் செந்நாய்களுக்கும் பரவக்கூடும் என்பதால், இந்தப் பக்கம் நாயை அவிழ்த்துவிடுவது எனக்கு ஒருபோதும் சம்மதமில்லை. சிறுத்தை நடமாட்டமும் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல அவனை உள்ளே படுக்க வைத்தோம்.

இந்த ஆபத்துகளைச் சொல்லி, அங்கேதான் அவனுக்குப் பாதுகாப்பு என்று நீ வாதிடுவாய். ஆனால் ஏழாவது மாடியில், காலையில் நீ பூட்டிவிட்டுப் போனால் இரவு திறக்கும் வீட்டில், அவன் மூக்குக்கு என்ன வேலை? குன்னூரின் குளிரில் பிறந்து வளர்ந்தவன், அங்கே ஏப்ரல், மே வெயிலை எப்படித் தாங்குவான்? உன் ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. உன் பழைய ஸ்வெட்டர் மேல்தான் இன்னமும் படுக்கிறான் என்று அம்மா எழுதச் சொன்னாள். இருந்தாலும் அவன் இங்கேயே இருக்கட்டும். நீ பொங்கலுக்குக் கொஞ்சம் கூடுதலாக விடுப்பு எடுத்துக்கொண்டு வா. அந்த ஓடைக்கு நீயே அவனை அழைத்துப் போகலாம். வரும்போது அகலமான நைலான் கழுத்துப்பட்டை ஒன்று வாங்கி வா. தோல் பட்டை ஈரத்தில் ஊறி நாறுகிறது.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா