கரைக்கடல் முடிவுகளில் வல்லத்து (சிறு நாட்டுப்படகு) மீனவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் கேட்டு மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
வல்லத் தொழிலாளர்கள் மற்றும் நண்டு வலைக் குடும்பத்துப் பெண்கள்,
வட பாக் விரிகுடாக் கரை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: கரைக்கடலில் விசைப்படகுகளால் வலைகள் அறுபடுவது – விசாரணையும் நிவாரணமும் – கரைக்கடல் பற்றி முடிவெடுக்கும் குழுக்களில் எங்களுக்கு இடம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்கள் (ஒப்புகைச் சீட்டுகளின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன).

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். தாங்கள் எங்கள் கடற்கரைக்கு வந்து போனவர். மீன் இறங்குதளத்துக்கு வடக்கே, கழிமுகத்தைத் தாண்டி, பெண்கள் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரிக்கும் கொட்டகைகளைத் தாங்களே பார்த்திருக்கிறீர்கள். அதனால் இடத்தை விளக்கவில்லை. இதே குறையை மீன்வளத் துறை அலுவலகத்திலும் மீனவர் குறைதீர் கூட்டத்திலும் முன்பே எழுதிக் கொடுத்தோம். சீட்டு கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் தங்களிடம் வந்திருக்கிறோம்.

1. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தபோதே, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்றார்கள். பாரம்பரியக் கலங்களில் தொழில் செய்கிறவர்களின் நலனைக் குறிப்பாகக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதற்கு மேல் நாள் கணக்கும் இருக்கிறது. திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. மற்ற நான்கு நாள் எங்களுக்கு. இதெல்லாம் தாங்கள் அறிந்ததுதான்.

2. எங்களுக்குப் பெரிய அடி வலைதான் அய்யா. நண்டு வலை தரையோடு நிற்கும் வலை. பிற்பகலில் கொண்டுபோய்ப் போட்டு, இரண்டு முனையிலும் கொடிக்கம்பு கட்டிவிட்டு வருவோம். விடியற்காலையில் போய் எடுப்போம். நடுவில் ஒரு ராத்திரி முழுக்க நாங்கள் போட்ட முதலீடு கடலில் கிடக்கிறது. எங்கள் நாளில், எங்கள் எல்லைக்குள், விளக்கை அணைத்துக்கொண்டு விசைப்படகின் இழுவை மடி (தரையை வாரி இழுக்கும் வலை) வருகிறது. காலையில் போனால் கொடிக்கம்பைக் காணோம். சில நாள் ஈயக்குண்டுக் கயிறு மட்டும் கிடைக்கும், சில நாள் அதுவும் இல்லை. மீன் கிடைக்காத நாள் எங்களுக்குப் பழக்கம்தான். அன்றைக்கு வருமானம் போகும், மறுநாள் போய்க்கொள்ளலாம். வலை போனால் மறுநாள் போவதற்கே ஒன்றும் இல்லை.

புது வலைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கினால் நண்டை அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. அந்தக் கடன் அடைவதற்குள் அடுத்த வலை அறுகிறது. நண்டு பிரித்துக் கூலி வாங்கும் பெண்களுக்கு வலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. அவர்களில் பலர் கணவனை இழந்தவர்கள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் வலை அறுந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்று தாங்கள் ஒரு நாள் வந்து கேட்க வேண்டும். மகளிர் குழுக் கடன், நகைக் கடன், வியாபாரியின் கடன் மூன்றும் ஒரே வீட்டில் நிற்கிறது.

3. புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி, "படகு நம்பர் என்ன?" இருட்டில், விளக்கில்லாமல் போகிற படகின் நம்பரை, அந்த நேரத்தில் வீட்டில் படுத்திருக்கிற நாங்கள் எப்படிச் சொல்வது? நாங்கள் சொல்ல முடியாது, அரசு சொல்ல முடியும். எந்தப் படகுக்கு எந்த நாளில் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு (டோக்கன்) கொடுத்தார்கள் என்ற பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. விசைப்படகுகளில் அரசே டிரான்ஸ்பாண்டர் பொருத்தியிருக்கிறது. எந்தப் படகு எந்த நேரத்தில் எங்கே நின்றது என்று அதில் பார்க்கலாம். அதுவும் வேண்டாம், எங்கள் நாளின் விடியலில் ஒருவர் ஜெட்டிக்கு வந்து எந்தப் படகு அங்கே இல்லை என்று பார்த்தாலே பாதி விசாரணை முடிந்துவிடும். தப்பு செய்த படகுக்கு மானிய டீசலை நிறுத்தலாம். இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் நம்பர் கேட்டால் நாங்கள் என்ன நினைப்பது? அபராதம் போட்டாலும் அது அரசுக் கணக்குக்குப் போகிறது, வலை இழந்தவர் கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

4. இதற்கெல்லாம் காரணம் என்று நாங்கள் நினைப்பது ஒன்றுதான். இந்தக் கடலைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் நாங்கள் இல்லை. படகுக்கு உரிமம் கொடுப்பது, டீசல் கொடுப்பது, டோக்கன் கொடுப்பது, புகாரை விசாரிப்பது எல்லாம் ஒரே துறை. பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டால் விசைப்படகுச் சங்கங்களுக்கு முன்வரிசை. எங்கள் சார்பில் ஒருவர் நின்றுகொண்டு பேசிவிட்டு வருவார். பெண்களை இதுவரை யாரும் கூப்பிட்டதே இல்லை. என்ன முடிவானது என்று எழுத்தில் எங்கள் கைக்கு வந்ததும் இல்லை. கூட்டத்தையும் நாங்கள் கடலுக்குப் போகும் நாளில் வைக்கிறார்கள்.

5. அப்புறம் கடற்பசு. 2022 செப்டம்பரில் எங்கள் முன்னால் இருக்கும் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நாங்கள் எதிர்க்கவில்லை. வலையில் மாட்டிய ஆவுளியாவை (கடற்பசுவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வலையை அறுத்து விட்டவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அது மேயும் கடற்புல்லில்தான் நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கிறது. அந்தப் புல்லை வேரோடு பிய்ப்பது இழுவை மடி, எங்கள் வலை இல்லை. ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட காப்பகத்தின் மேலாண்மைக் குழுவில் யார் யாருக்கு இடம் என்று படித்துப் பார்த்தோம். வனத்துறை, ஊராட்சிகளின் பிரதிநிதிகள், தொண்டு நிறுவனங்களிலிருந்து மூன்று பேர், வேளாண்மைத் துறை, கால்நடைத் துறை. கடலில் இருக்கிற காப்பகத்துக்கு வேளாண்மைத் துறை உண்டு, மீனவனுக்கென்று ஓர் இடம் இல்லை! காட்டை நினைத்து எழுதிய சட்டம் என்று சொல்லலாம். சரி, அப்படியானால் கடலுக்கு ஏற்றபடி செய்து தருவது யார் பொறுப்பு?

6. முடியாதது எதையும் கேட்கவில்லை. பக்கத்துக் கேரளத்தில் கிராமம், மாவட்டம், மாநிலம் என்று மூன்று அடுக்கில் மீன்வள மேலாண்மைக் குழுக்களுக்குச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கரையிலிருந்து 6 கடல் மைல் வரை பார்த்துக்கொள்ள 10 வட்டார அமைப்புகள் இருக்கின்றன. உள்ளாட்சி உறுப்பினர்களோடு, கடலில் தொழில் செய்கிறவர்களும் சுற்றுச்சூழல் தெரிந்தவர்களும் அதில் உறுப்பினர்கள். மீன்பிடியையும் கடல் பாதுகாப்பையும் ஒரே குழு பார்க்கிறது. இங்கே மீனுக்கு ஓர் அலுவலகம், ஆவுளியாவுக்கு ஓர் அலுவலகம், இரண்டுக்கும் நடுவில் அலைகிறவர்கள் நாங்கள்.

ஆகவே அய்யா அவர்கள், அறுபட்ட வலைகளுக்கு டோக்கன் பதிவையும் டிரான்ஸ்பாண்டர் பதிவையும் வைத்து விசாரணை நடத்தி, இழந்தவர்களுக்கு நிவாரணம் கிடைக்கச் செய்ய வேண்டும். மீன்வளத் துறை, வனத்துறை இரண்டும் சேர்ந்து உட்காரும் கரைக்கடல் குழு ஒன்றை மாவட்ட அளவில் தங்கள் தலைமையில் அமைத்து, அதில் பாதி இடத்தை வல்லத்து மீனவர்களுக்கும், அந்தப் பாதிக்குள்ளேயே போதுமான பங்கை நண்டு வேலை செய்யும் பெண்களுக்கும் தர வேண்டும். கூட்டத்தைத் திங்கள் அல்லது புதன் பிற்பகலில், எங்கள் கரையிலேயே நடத்த வேண்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி மீன் இறங்குதளத்துப் பலகையில் ஒட்ட வேண்டும்.

வலைக்காவது முதலில் ஒரு வழி சொல்லுங்கள் அய்யா. குழு அமைக்க அரசாணை வேண்டும், நாளாகும் என்றால் அதுவரை எங்கள் நான்கு நாள் இரவுகளில் ரோந்துப் படகு ஒன்று வரட்டும். அதைத் தங்கள் ஒரு உத்தரவில் செய்ய முடியும். இந்த மனுவுக்காவது எழுத்து மூலமாகப் பதில் தருமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வல்லத்து மீனவர்களும் நண்டு வலைக் குடும்பத்துப் பெண்களும்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், அறுந்த வலைகளின் புகைப்படங்கள்.

நகல்: மீன்வளத் துறை மற்றும் வனத்துறை மாவட்ட அலுவலர்களுக்கு.